நாய்க்குக் கேன்சர் என்றால்: அறுவையா, கீமோவா, வீட்டுப் பராமரிப்பா, கடைசி ஊசியா?

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு கேள்வி: பத்து வயது லாப் பெண்நாய், மடியில் கட்டி, இந்த வயதில் கத்தி வைக்கலாமா? தக்கலையிலிருந்து இன்னொன்று: நாட்டு நாய்க்குப் பின்பக்கம் ரத்தம் சொட்டுகிறது, "கேன்சருன்னு சொல்லிட்டாவ, ஊசி போட்டு அனுப்பிரலாமா?" மூன்றாவது வளைகுடாவிலிருந்து. குளச்சல் வீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கிறார்கள், ஜெர்மன் ஷெப்பர்டுக்குக் கழுத்திலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டியிருக்கிறது, திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள், யார் கொண்டுபோவது?

மூன்று வீட்டிலும் ஒரே சொல்தான் விழுந்திருக்கிறது. ஆனால் இவற்றில் ஒரு நாய் முழுதாகக் குணமாகக்கூடியது, அதுவும் ஊசி போட்டு அனுப்பிவிடலாமா என்று கேட்கப்பட்ட அந்தத் தக்கலை நாய். கேன்சர் என்ற பெயரை மட்டும் கேட்டு முடிவெடுப்பதில் இருக்கும் ஆபத்து இதுதான். கட்டியின் பெயர் தெரிந்த பிறகும், நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மருந்தின் விலையைவிடத் தூரமும் வீட்டில் ஆள் இருப்பதும்தான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கின்றன.

## எதை வைத்து எடை போடுவது?

கட்டியின் பெயரும் பரவலும். கையால் தொட்டுப் பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஊசியால் உறிஞ்சிக் கண்ணாடித் தகட்டில் பார்க்கும் எஃப்.என்.ஏ.சி. சோதனைக்குப் பெரும்பாலும் மயக்க மருந்தே வேண்டாம், நம்மூர் டாக்டரே எடுத்துவிடலாம். தோலில் தெரியும் கட்டி வெறும் கொழுப்புக்கட்டியாக இருக்கலாம். மாஸ்ட் செல் கட்டி என்ற தோல்புற்றோ கொழுப்புக்கட்டி போலவே வேஷம் போடும். பெண்நாயின் மடிக்கட்டிகளில் ஏறத்தாழ பாதி சாதுவானவை. இன்னொரு குழப்பம் உண்ணிக் காய்ச்சல். நம் ஈரத்துக்கு உண்ணிக்குப் பஞ்சமே இல்லை. உண்ணி பரப்பும் எர்லிக்கியா கிருமி தொற்றினால் நெறி கட்டும், மண்ணீரல் வீங்கும், மூக்கில் ரத்தம் வரும், நாய் இளைத்துப்போகும். பார்த்தால் கேன்சர் போலவே இருக்கும். அதனால் ரத்தப் பரிசோதனையை விடக்கூடாது. பெயர் தெரிந்ததும் நெஞ்சு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன். நுரையீரலுக்குப் போயிருந்தால் முழுக் கணக்கும் மாறிவிடும்.

கிடைக்கும் நாட்கள் எப்படிப்பட்டவை? எத்தனை மாதம் என்பதோடு, அந்த மாதங்களில் நாய் வாசலுக்கு எழுந்து வருமா, சோற்றுச் சட்டியைப் பார்த்து வாலாட்டுமா என்றும் கேட்க வேண்டும்.

நாயின் குணம். காரில் ஏறினாலே வாந்தியெடுத்து நடுங்கும் நாயும், ஜன்னலில் தலைநீட்டிக்கொண்டு போகும் நாயும் ஒன்றல்ல. டாக்டர் கையைக் கண்டாலே கடிக்க வரும் நாய்க்கு ஒவ்வொரு ஊசியும் ஒரு யுத்தம்.

வீட்டில் யார் இருக்கிறார்கள்? நாயை வாங்கியவர் வெளிநாட்டில், வளர்ப்பவர்கள் எழுபது வயதில் என்பது இங்கே எத்தனையோ வீடுகளின் கதை. தூத்தூர்ப் பக்கம் ஆண்கள் ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். ரப்பர் வெட்டுக்குப் போகும் வீட்டில் விடியற்காலை ஆளே இருக்காது. முப்பது கிலோ நாயைத் தூக்கி ஆட்டோவில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும்.

பணம். மருந்துச் சீட்டில் வராத செலவையும் சேர்த்துத்தான். அதை ஒவ்வொரு வழியிலும் தனியாகச் சொல்கிறேன்.

## வழி 1: அறுத்து எடுப்பது

ஒரே இடத்தில் இருக்கும், பரவாத கட்டிக்கு இதுதான் முதல் வழி. நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலை போன்ற இடங்களில் மடிக்கட்டி, தோல்கட்டி அறுவைக்குப் பழகிய டாக்டர்கள் இருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஓடவேண்டியதில்லை.

மடிக்கட்டியில் அளவு முக்கியம். 3 செ.மீ.க்குக் குறைவாக இருக்கும்போதே எடுத்தால் பலன் கூடுதல். "நெல்லிக்காய் அளவுதானே, பார்ப்போம்" என்று ஒரு வருஷம் விட்டால் அது தேங்காய் அளவாகி, தோல் வெடித்து, புழு வைத்த பிறகு வரும். பத்து வயது என்பது அறுவையைத் தள்ளிப்போடக் காரணமல்ல. சிறுநீரகம், இதயம், ரத்தம் சரியாக இருக்கிறதா என்பதுதான் பார்க்கவேண்டியது. அந்த மார்த்தாண்டத்து லாப்பின் நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தால், நான் அறுவைப் பக்கம்தான் நிற்பேன். ஒரு விதிவிலக்கு உண்டு: மடி முழுக்கச் சிவந்து, சூடாக, பலகை மாதிரி கெட்டியாகி நாய் வலியில் கத்தினால், அது அழற்சி வகைப் புற்றாக இருக்கலாம். அதில் கத்தி வைத்தால் கேடுதான் கூடும்.

கால் எலும்புப் புற்று வேறு விதம். பெரிய ஜாதி நாய்களில் வரும். காலையே எடுக்கவேண்டும் என்றதும் வீட்டார் மிரண்டுவிடுவார்கள். ஆனால் வலியின் இருப்பிடமே அந்தக் கால்தான், அது போனதும் நாய் மூன்று காலில் ஓடப் பழகிவிடும். ஆயுள் கணக்கு கொஞ்சம் கசப்பானது. காலை எடுப்பது மட்டும் என்றால் சராசரி 4 முதல் 5 மாதம், கீமோவும் சேர்ந்தால் 10 முதல் 12 மாதம். கண்ணுக்குத் தெரியாத பரவல் அதற்கு முன்பே நடந்திருப்பதுதான் காரணம். இடுப்பு மூட்டு ஏற்கெனவே பழுதான, மிகப் பருத்த நாய்க்கு இது சரிவராது. படிப்படியாக ஏறும் மேட்டு வீடும் வழுக்கும் டைல்ஸ் தரையும் மூன்று கால் நாய்க்குப் பகை என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

மறைந்த செலவுகள்: தையல் ஆற 10 முதல் 14 நாள் வேண்டும், அதுவரை கழுத்துக் கூம்பு கழற்றக்கூடாது, நக்கினால் எல்லாம் வீண். அறுத்த கட்டியைப் பயாப்சிக்கு அனுப்பும் கட்டணத்தைச் சேமிக்கலாம் என்று குப்பையில் போடச் சொல்பவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள். கட்டியைப்போலப் பத்து மடங்கு பார்மலினில் போட்டு அனுப்பினால்தான், ஓரம்வரை சுத்தமாக எடுத்தாயிற்றா, அடுத்து கீமோ வேண்டுமா என்று தெரியும். ஆனி ஆடிச் சாரலிலும் ஐப்பசி கார்த்திகை மழையிலும் தையலை நனையாமல் வைத்திருப்பது தனி வேலை. கொட்டகையில் கட்டிப்போட்டு வளர்க்கும் நாயை அந்த இரண்டு வாரமாவது வீட்டுக்குள் எடுக்கவேண்டும்.

## வழி 2: கீமோ, அதாவது எல்லை தாண்டும் வழி

மனிதருக்குக் கீமோ கொடுத்ததைப் பார்த்த கண்ணோடு இதைப் பார்க்காதீர்கள். மருந்துகள் அதேதான், ஆனால் நாய்க்குக் கொடுக்கும் அளவு குறைவு. நோக்கம் பெரும்பாலும் நல்ல நாட்களை நீட்டுவதுதான், எப்பாடுபட்டாவது வேரறுப்பது அல்ல. பூடில், ஷீட்சு மாதிரி முடி வளர்ந்துகொண்டே இருக்கும் ஜாதிகளைத் தவிர மற்றவற்றுக்கு முடி அவ்வளவாகக் கொட்டாது. மீசை உதிரும், அவ்வளவே.

கீமோவுக்குள் இரண்டு வேறு உலகங்கள் இருக்கின்றன.

ஒன்று, தக்கலை நாயினுடையது. இணைசேரும்போது ஒரு நாயிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும் கட்டி அது, சுருக்கமாக டி.வி.டி. (TVT). பிறப்புறுப்பில் காலிஃபிளவர் மாதிரி வளர்ந்து ரத்தம் சொட்டும். முகர்வதாலும் நக்குவதாலும் மூக்கிலும் வரும். அவிழ்த்துவிட்டு வளர்க்கும் நாட்டு நாய்களில் அடிக்கடி பார்ப்பது. வின்கிரிஸ்டின் என்ற மருந்தை வாரம் ஒருமுறை நரம்பில் ஏற்றினால் பெரும்பாலான நாய்களுக்கு 4 முதல் 6 வாரத்தில் கட்டி கரைந்து மறைந்துவிடும், பத்தில் ஒன்பதுக்கும் மேல் குணம். மருந்தும் விலை குறைந்ததுதான். உள்ளூரிலேயே முடிக்கலாம். அந்த நாயை ஊசி போட்டு அனுப்புவது வேண்டாத பிரிவு. குணமானதும் கருத்தடை செய்துவிட்டால் மறுபடி தொற்றும் வாய்ப்பும் குறையும்.

இன்னொன்று, நெறி கட்டும் லிம்போமா என்ற புற்று. மருந்தே கொடுக்காவிட்டால் 4 முதல் 6 வாரம். பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் கொடுத்தால் ஒன்று முதல் மூன்று மாதம். பல மருந்துகளை மாற்றி மாற்றிக் கொடுக்கும் சாப் முறையில் பி-செல் வகைக்குச் சராசரி 10 முதல் 14 மாதம், அதில் பெரும்பகுதி நாய் நன்றாகவே ஓடியாடும். முழுக் குணம் அபூர்வம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. வீக்கம் உடனே வடியுமே என்று முதல் நாளே ஸ்டீராய்டு தொடங்கிவிட்டால், பிறகு கீமோ சரியாக வேலை செய்யாமல் போகலாம். கீமோ வேண்டுமா என்று வீட்டில் பேசி முடிக்கும்வரை, மூச்சுத் திணறல் போன்ற அவசரம் இல்லாவிட்டால், ஸ்டீராய்டைத் தள்ளிப்போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பென்றால் கட்டாயம் கேளுங்கள்.

எங்கே போவது? மாவட்டம் இங்கே இரண்டாகப் பிரிகிறது. ஆரல்வாய்மொழி, தோவாளை, நாகர்கோவில் கிழக்குப் பக்கத்தவர்களுக்குத் திருநெல்வேலி ராமையன்பட்டியில் 2012-ல் தொடங்கிய அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி வசதி. நாகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ 80 கி.மீ. மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளைக்காரர்களுக்குத் திருவனந்தபுரம் ஏறத்தாழ 40 கி.மீ.க்குள், மொழியும் பிரச்சினையில்லை. சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கல்லூரி மருத்துவமனை உண்டு. ஆனால் 700 கி.மீ. தாண்டி அங்கே வாராவாரம் போக முடியாது. ரயிலில் நாயைக் கூடவே வைத்துக்கொள்ள முதல் வகுப்பு ஏ.சி.யில் தனிக் கூப்பே முழுவதையும் எடுக்கவேண்டும், இல்லையென்றால் கார்டு வண்டிப் பெட்டிதான். ஒருமுறை ஆலோசனைக்குப் போகலாம், தொடர் சிகிச்சைக்கு வேண்டாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சாப் முறை ஐந்தாறு மாதம் ஓடும், ஏறத்தாழ 16 முறை மருந்து. நாகர்கோவிலிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் போக வர 140 முதல் 160 கி.மீ. ஆக மொத்தம் 2,200 கி.மீ.க்கு மேல். பேருந்தில் பெரிய நாயை ஏற்ற மாட்டார்கள். எனவே வாடகைக் கார், நாய் ஏற்றச் சம்மதிக்கும் டிரைவர், கூடவே ஒருவருக்கு ஒவ்வொரு முறையும் ஒருநாள் கூலி. இதுதான் உண்மையான செலவு. பாரத்தைக் குறைக்க ஒரு வழி உண்டு. சிகிச்சை முறையை வெளியூர் மருத்துவமனையில் எழுதி வாங்கிக்கொண்டு, ரத்தப் பரிசோதனையையும் மாத்திரைகளையும் உள்ளூர் டாக்டரிடம் வைத்துக்கொள்வது. நரம்பில் ஏற்றும் மருந்துகளுக்கு மட்டும் பழகிய கை வேண்டும். வின்கிரிஸ்டினும் டாக்ஸோரூபிசினும் நரம்புக்கு வெளியே கசிந்தால் சதையே அழுகிவிடும்.

வீட்டுக்கு வரும் மறைந்த செலவு இன்னொன்று. மருந்து ஏற்றிய இரண்டு மூன்று நாளைக்கு நாயின் சிறுநீர், மலம், வாந்தியில் மருந்து வெளியேறும். கையுறை போட்டு அள்ளவேண்டும். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் உள்ள வீட்டில் இதை முன்பே யோசிக்கவேண்டும். மருந்துக்குப் பிறகு 7 முதல் 10 நாளில் வெள்ளணுக்கள் மிகக் குறையும். தீனி தின்னாமல் சுருண்டு படுத்து, வெப்பம் 103 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் அன்று ராத்திரியே டாக்டரைப் பிடிக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி யார் போன் எடுப்பார் என்பதைக் கீமோ தொடங்கும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கதிர்வீச்சு சிகிச்சையை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. ஒவ்வொரு தடவையும் மயக்கம் கொடுத்துப் பல தடவை செய்யவேண்டியது அது, இங்கிருந்து வாராவாரம் ஓடி முடிகிற காரியமல்ல.

## வழி 3: வீட்டிலேயே வலியில்லாமல் பார்த்துக்கொள்வது

இதைக் கைவிடுவது என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒழுங்காகச் செய்தால் நான்கு வழிகளில் அதிக உழைப்பு கேட்பது இதுதான். ஒழுங்காகச் செய்யாவிட்டால் அது வெறும் வேடிக்கை பார்ப்பது.

வலிதான் முதல் வேலை. மெலாக்சிகாம், கேபபென்டின், டிரமடால் போன்றவற்றை நாயின் எடைக்குத் தக்கபடி டாக்டர் எழுதுவார். வீட்டு டப்பாவிலிருக்கும் பாரசிட்டமால், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள், குடல் புண்ணாகி ரத்தமாகப் போகும், சிறுநீரகமோ ஈரலோ கெடும். மெலாக்சிகாமையும் ஸ்டீராய்டையும் சேர்த்துக் கொடுப்பதும் வயிற்றைப் புண்ணாக்கும். இரண்டு டாக்டரிடம் காட்டுகிற வீடுகளில் இந்தத் தவறு எளிதாக நடக்கும். இரண்டு சீட்டையும் இருவரிடமும் காட்டுங்கள்.

வெடித்த கட்டியை நம் ஊர்ச் சீதோஷ்ணத்தில் ஒருநாள் திறந்து விட்டாலே ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடும். தினமும் இருவேளை கழுவிக் கட்டவேண்டும். புழுவுக்குப் பெட்ரோல், பினாயில் ஊற்றுவது இன்னும் நடக்கிறது. அது நாயைத்தான் எரிக்கும், நக்கினால் விஷம். துர்நாற்றத்துக்கு மெட்ரோனிடசோல் உதவும், கேட்டு வாங்குங்கள்.

சாப்பாட்டில் பத்தியம் என்று வாட்டாதீர்கள். வேகவைத்த முட்டை, கோழி, முள் எடுத்த சாளை மீன், சோறு என்று எது பிடிக்கிறதோ அது. மீன்குழம்பு வேண்டாம், அதிலிருக்கும் உள்ளி ரத்தத்தைக் கெடுக்கும். வெதுவெதுப்பாகக் கொடுத்தால் மணம் வந்து தின்னும்.

முள்சீத்தா இலைக் கஷாயத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் கேன்சர் என்றதும் பக்கத்துப் புரையிடத்திலிருந்து ஒரு கட்டு இலை வந்துவிடும். நாய்களில் அது புற்றைக் குணமாக்கியதற்கு ஆதாரமில்லை. அதிலுள்ள அனோனசின் என்ற பொருள் நரம்பு மண்டலத்துக்குக் கேடு செய்யக்கூடியது. கசப்புக் கஷாயத்தை வாயைப் பிளந்து ஊற்றினால், நாய் உங்கள் கையைக் கண்டாலே ஒதுங்கும், பிறகு வலி மாத்திரையும் உள்ளே போகாது.

இந்த வழி யாருக்கு? நோய் பரவிவிட்ட நாய்க்கு, சிறுநீரகமோ இதயமோ தளர்ந்த கிழ நாய்க்கு, பயணத்தையே தாங்காத நாய்க்கு. குளச்சல் வீட்டுக்கும் இதுதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். பரிசோதனையில் லிம்போமாதான் என்றால், மகன் ஊரில் இல்லாதபோது இரண்டு முதியவர்கள் மேல் 16 பயணங்களைச் சுமத்துவதைவிட, பிரட்னிசலோனோடு ஒன்றிரண்டு நல்ல மாதங்களைக் கொடுக்கலாம். பணம் அனுப்புகிறவர் தூரத்திலிருந்து "எவ்வளவு செலவானாலும் பாருங்க" என்று சொல்வது எளிது. தூக்குகிறவர்களின் முதுகையும் கேட்கவேண்டும்.

மறைந்த செலவு தூக்கம்தான். ராத்திரி முனகினால் எழுந்து புரட்டிப் போடவும், சிறுநீர் நனைத்த சாக்கை மாற்றவும் ஆள் வேண்டும். ஒருவரே எல்லாம் செய்தால் ஒரு மாதத்தில் அவர் படுத்துவிடுவார்.

## வழி 4: ஊசி போட்டு விடைகொடுப்பது

மற்ற மூன்றும் தோற்றபின் வரும் தண்டனை போல இதைப் பேசுகிறோம். அப்படியல்ல. மண்ணீரல் கட்டி வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கசியும் நாய்க்கு, மூச்சு முட்டும் நாய்க்கு, தாடை எலும்பு கரைந்து தின்ன முடியாத நாய்க்கு இதுவே முதல் தேர்வாக இருக்கலாம்.

எப்போது என்பதற்கு ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் தந்த அளவுகோல் பயன்படும். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் கூடுதலா என்று ஏழு தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்பெண். மொத்தம் 35-க்கு மேல் என்றால் தொடரலாம். வாரம் ஒருமுறை, வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டு ஒப்பிடுங்கள். நாயோடு படுத்துறங்குகிறவரின் மதிப்பெண் எப்போதும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

முறையாகச் செய்தால் முதலில் மயக்க ஊசி, நாய் தூங்கியபின் நரம்பில் இரண்டாவது மருந்து. மயக்கம் முதலில் கொடுப்பீர்களா என்று கேட்கத் தயங்காதீர்கள். இதயத்தில் ஸ்டிரிக்னின் விஷ ஊசி போட்டுக் கொல்வதை 1960-ம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. தீராத துன்பத்திலிருக்கும் விலங்கை மருத்துவர் வலியின்றி விடுவிப்பது வேறு. சில டாக்டர்கள் மனசுக்கு ஒப்பாமல் மறுப்பார்கள், அது அவர்கள் விருப்பம். அதனால் கடைசி ராத்திரியில் தேடாமல், சம்மதிக்கிறவரை முன்பே தெரிந்துவைப்பது நல்லது. அந்த நாய் கடந்த 10 நாளுக்குள் யாரையாவது கடித்திருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள், ரேபிஸ் கண்காணிப்பு இருக்கிறது.

புதைக்கக் கிணற்றிலிருந்து தள்ளி, குறைந்தது நான்கடி ஆழம் வேண்டும். கடற்கரை மணலில் இன்னும் ஆழமாக, மேலே கல் வைத்து. உடலில் மருந்து தங்கியிருக்கும், தெருநாயோ கீரியோ தோண்டித் தின்றால் அதுவும் சாகும். நாகர்கோவிலில் நிலமில்லாத வீட்டுக்காரர்கள் இடத்தை முன்பே பேசி வைத்திருப்பது நல்லது.

வீட்டில் எதிர்ப்பு வரும். "எதுக்கு வாயில்லாச் சீவனைப் போட்டு வதைக்குதிய?" என்று கீமோ காலத்தில் கேட்ட அதே மாமிதான், ஊசிக்கு நாள் குறித்ததும் "பாவமில்லையா?" என்பார். யார் முடிவெடுப்பது என்பதைக் குடும்பம் முன்பே பேசிக்கொள்ளட்டும்.

## ஒரே பார்வையில்

| | அறுவை | கீமோ | வீட்டுப் பராமரிப்பு | கடைசி ஊசி |
|---|---|---|---|---|
| எப்போது சிறந்தது | ஒரே இடத்தில், பரவாத கட்டி | டி.வி.டி., லிம்போமா, சில அறுவைகளுக்குப் பின் | பரவியது, தளர்ந்த கிழ நாய் | அடங்காத வலி, மூச்சுமுட்டல், உள்கசிவு |
| எங்கே | பெரும்பாலும் உள்ளூர் | டி.வி.டி. உள்ளூர், மற்றவை நெல்லை, திருவனந்தபுரம் | வீடு | வீடு அல்லது உள்ளூர் |
| ஆள் தேவை | இரண்டு வாரம் கவனிப்பு | ஐந்தாறு மாதம், வண்டியும் ஆளும் | தினமும், ராத்திரியும் | ஒருநாள், கூட நிற்க ஒருவர் |
| மறைந்த செலவு | பயாப்சி, உலர்ந்த இடம் | பயணம், கூலி, ராத்திரி அவசரம் | தூக்கம், முதுகு | நிலம், குடும்பச் சண்டை |
| எப்போது வேண்டாம் | அழற்சி வகை மடிப்புற்று, நுரையீரல் பரவல் | பயணம் தாங்காத நாய், ஆளில்லாத வீடு | வலி மருந்துக்கு அடங்காதபோது | பரிசோதனையே செய்யாதபோது |

## நடுவழியில் மாறலாமா?

கீமோவை மூன்றாவது ஊசியோடு நிறுத்தி வீட்டுப் பராமரிப்புக்கு வரலாம், யாரும் கேட்க மாட்டார்கள். அறுவைக்குப் பின் பயாப்சி மோசமாக வந்தால் கீமோவைச் சேர்க்கலாம், விட்டுவிடவும் செய்யலாம். திரும்பி வரக் கடினமான இடங்கள் இரண்டே: லிம்போமாவுக்கு ஸ்டீராய்டு தொடங்கியபின் கீமோவுக்கு வருவதும், கட்டியை வெடிக்கவிட்டபின் அறுவைக்கு வருவதும். கடைசி ஊசியைச் சொல்லவே வேண்டாம்.

எந்த வழியில் இறங்கினாலும், எது நடந்தால் நிறுத்துவது என்று டாக்டரோடு பேசி முதல் வாரமே ஒரு தாளில் எழுதிவிடுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து தின்னாவிட்டால், எழுந்து நிற்க முடியாமல் போனால், மதிப்பெண் இரண்டு வாரம் 35-க்குக் கீழே இருந்தால் என்று. வெளிநாட்டிலிருக்கும் மகனுக்கும் அதன் படத்தை அனுப்பிவையுங்கள், அந்த நாள் வரும்போது போனில் வாக்குவாதம் குறையும்.